சாவுக்கு அடிக்காத பறை

ஷெர்லின் நாலாவது நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது, வாசலுக்குக் கீழே சிமெண்ட் நடையில் யாரோ வரும் சத்தம் கேட்டது. அவள் நிமிரவில்லை. மாலை நாலரை மணி, காப்பிப் பழம் பறித்துவிட்டு ஆட்கள் லைன் வீடுகளுக்குத் திரும்புகிற நேரம். மழை விட்டிருந்தது. ஆனால் மூடுபனி சில்வர் ஓக் மரங்களுக்கு இடையில் இறங்கி, மிளகுக் கொடிகளை விழுங்கி, பழம் அரைக்கும் ஷெட்டிலிருந்து வந்த புளித்த தோல் வாடையையும் கூடவே இழுத்துக்கொண்டு, திறந்திருந்த கதவு வழியாக முன்னறைக்குள் வந்து, அவள் மடியில் கிடந்த பறையின் இரும்பு வளையத்தில் பொடிப்பொடியாக வேர்த்திருந்தது. ஸ்பேனரை இன்னும் கால் சுற்றுத் திருப்பினாள். நகத்தால் சுண்டிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஏறலாம்.

அப்போதுதான் அந்தச் சத்தத்தில் ஏதோ சரியில்லை என்று பட்டது.

ஆள் நடந்தால் ஒரு கால் விழும், பிறகு மறு கால் விழும். இது அப்படி இல்லை. இரண்டு காலும் ஒன்றாக விழுந்தன. தொப். ஒரு மூச்சு இழுக்கிற அளவுக்கு இடைவெளி. மறுபடியும் தொப். நனைந்த மூட்டையைத் தூக்கித் தூக்கி முன்னால் வைத்தபடி யாரோ வருவது போல. அடியை எண்ணியே பழகிய காது அவளுடையது, வேண்டாமலே எண்ணியது. பதினொன்று. பதினொன்றாவது கீழ்ப்படிக்குப் பக்கத்தில் விழுந்து, நின்றது.

யாராக இருந்தாலும் கீழே நின்றே "ஏனுங்க" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். குரல் வரவில்லை.

"யாருங்க?" என்றாள்.

வாசனைதான் வந்தது. மட்டமான ஊதுவத்தி. சென்ட். அதற்கு அடியில், மூடிய பெட்டிக்குள் கிடந்து பழுத்துப்போன மாலையின் நெடி. முந்தின நாள் சாயந்தரம் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன ஒரு பெட்டியின் நினைவு அவளுக்கு வந்தது. எழுந்து வாசலுக்கு வந்தாள். நடையில் யாரும் இல்லை. பத்தடிக்கு அப்பால் எதுவுமே இல்லை, வெள்ளைதான். கதவைச் சாத்தினாள். பகலில் அந்தக் கதவை அவள் சாத்தியதே கிடையாது.

இறந்தவர் டோமினிக். எஸ்டேட்டில் முப்பத்தெட்டு வருஷம் ரைட்டர். காலையில் பேர் எழுதுவதும் பேர் அடிப்பதும் அவர் பேனாதான். அவர் தலையை ஆட்டினால்தான் ஒருத்திக்கு அன்றைக்கு வேலை. சாவு விழுந்த அன்று காலை அவர் மகன் பென்னி குடையோடு வந்து ஷெர்லினின் வாசலுக்குக் கீழே நின்றான். நாற்பத்தைந்து வயது ஆள். படியேறவில்லை.

"அப்பா தவறிட்டாரு."

"கேள்விப்பட்டேனுங்கண்ணா."

"நாலு மணிக்கு எடுக்கறோம். நீ மூணுக்கே வந்துரு."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னா? அடிக்கத்தான். சேலத்துல இருந்து பேண்டு வருது, அது வேற. பெட்டிக்கு முன்னால உங்க ஊட்டுத் தப்பட்டைதான் போகோணும்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு. உங்கப்பன் லாசருகிட்ட வாக்குக்கூட வாங்கி வெச்சிருந்தாரு."

"நாங்க சாவுக்கு அடிக்கறதில்லைங்கண்ணா. ஊருக்கே தெரியும்."

"மத்தவங்களுக்கு அடிக்காத. இது ரைட்டரு சாவு."

"எங்கப்பா குடுத்த வாக்கு எங்கப்பாவோட போச்சுங்க. இது என்ற பறை."

பென்னியின் கண் அவளைத் தாண்டி உள்ளே போனது. ஆணியில் தொங்கிய பறையைப் பார்த்து முகம் சுளித்தான். "தோலைக்கூட உரிச்சுப் போட்டுட்டியா?"

உரித்துத்தான் போட்டிருந்தாள். அப்பாவின் இரும்பு வளையத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியிருந்த கன்றுத்தோலை, போன மழைக்காலத்தில் அவளே ஊறவைத்துப் பிய்த்து எடுத்தாள். இந்த மலையின் ஈரத்துக்குத் தோல் பத்து நிமிஷம் தாங்காது, தொய்ந்துவிடும். அப்புறம் ஓலையைக் கொளுத்தி அதைக் காய்ச்ச வேண்டும். சேலத்தில் ஒரு அரங்கத்துக்குள் நெருப்புப் பற்றவைக்க விடவில்லை. பாதி ஆட்டத்தில் அவள் பறை ஊமையாகிப்போனது, முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். திரும்பி வந்த வாரமே வளையத்தைக் கிரில் பட்டறைக்குக் கொண்டுபோய் எட்டு இடத்தில் கொக்கி வைத்துப் பற்றவைத்து, ஃபைபர் ஷீட் போட்டு, போல்ட்டும் நட்டும் வைத்து இறுக்கிக்கொண்டாள். பழைய கனமான குரல் போய்விட்டது உண்மைதான். புதுக்குரல் கூர்மையாக இருந்தது. எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. லைன் வீட்டுப் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து குழுவாக அடித்தார்கள். கல்யாணத்துக்கு அடிப்போம், மேடையில் அடிப்போம், கூலி கேட்டு கேட் முன்னால் உட்கார்ந்தால் அங்கேயும் அடிப்போம். சாவுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள்.

அதற்கு ஷெர்லினிடம் ஒரு காரணம் இருந்தது. அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது அம்மா சாந்தாமேரி காய்ச்சலில் செத்தாள். அதே நாள் விடியற்காலையில் ரைட்டரின் அம்மாவும் செத்தாள். ரைட்டர் ஆள் அனுப்பினார். லாசர் பொண்டாட்டியின் பிணத்துப் பக்கத்திலிருந்து எழுந்து, பறையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். இங்கே நாலு பேர் சாந்தாமேரியை ஓசையில்லாமல் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். மேட்டிலிருந்து மழைக்குள்ளே அப்பாவின் அடி கேட்டுக்கொண்டே இருந்தது, வேறொருத்திக்காக. அவர் திரும்பி வந்தபோது குழி மூடியிருந்தது.

இதையெல்லாம் பென்னியிடம் அவள் சொல்லவில்லை. "வர முடியாதுங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

சேலம் பேண்டோடு ரைட்டரை அடக்கம் செய்தார்கள்.

சத்தம் கேட்ட அடுத்த நாள் அவள் புருஷன் ஸ்டெபின் வீட்டில் இருந்தான். எஸ்டேட் ஜீப் ஓட்டுகிறவன். மழைக்கு அன்று லோடு இல்லை. நாலரை மணிக்கு அடுப்படியில் டீயை ஆற்றிக்கொண்டிருந்தவன் கை அப்படியே நின்றது. தொப். அவன் ஷெர்லினைப் பார்த்தான். தொப். நடையில் பதினொன்று. பிறகு முதல் படி. பிறகு இரண்டாவது படி. அங்கே நின்றது. ஊதுவத்தி வாசனை கதவிடுக்கில் கசிந்து வந்து டீயின் வாசனையை அழித்தது.

ஸ்டெபின் கதவைத் திறந்தான். யாரும் இல்லை. இரண்டாவது படியில் கூரையின் மறைவு உண்டு, மழை படாது. அந்தக் காய்ந்த சிமெண்ட்டில் இரண்டு ஈரத்தடங்கள் ஒட்டி ஒட்டி இருந்தன. விரல்களின் அச்சு இல்லை. குனிந்து பார்த்தபோது ஈரத்துக்குள் பொடியாக ஒரு பின்னல் தெரிந்தது. காலுறையின் பின்னல்.

"பசங்க எவனாச்சும் விளையாடறானா..." என்று இழுத்தான்.

அரை மணி நேரத்தில் பென்னி வந்தான். இந்த முறை படியேறி வந்தான், அந்த இரண்டு தடங்களை மிதிக்காமல் ஒதுங்கி. மூன்று நாளில் முகம் வற்றிப்போயிருந்தது.

"இங்கயும் வந்துட்டாருங்களா?" என்று கேட்டான். அவன் அவளிடம் 'ங்க' போட்டுப் பேசி அவள் கேட்டதில்லை.

"யாருங்கண்ணா?"

"அடக்கம் பண்ணுன அன்னைக்கு ராத்திரியே வந்துட்டாருங்க. ஹால்ல நிக்கறாரு. கால் கட்டுன கட்டோட. யாரையும் ஒண்ணும் பண்ணலைங்க, சும்மா நிக்கறாரு. 'அடி'ங்கறாரு. அது ஒண்ணுதான் பேச்சு. ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சாரு. தீர்த்தம் காயறதுக்குள்ள மறுபடி நிக்கறாரு." அவன் தரையைப் பார்த்தான். "நான்தான் சொல்லிட்டனுங்க."

"என்ன சொன்னீங்க?"

"இங்க அடிக்க யாரும் இல்லீங்கப்பா, லாசரு மக ஊட்டுக்குப் போங்கன்னு. கதவத் தொறந்து வழிகூடக் காட்டி உட்டேன். எனக்கு வேற என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

கூரைத் தகரத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு தடவைங்க. கல்லறை வரைக்கும் முன்னால அடிச்சுட்டுப் போனீங்கன்னா அவரு பின்னாலயே வந்து படுத்துக்குவாரு."

ஸ்டெபின் தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஷெர்லி, ஒரு அடி அடிச்சு உட்ருவோம். போற உசுரு போகட்டும்."

"உசுரு போயிருச்சுங்க," என்றாள் ஷெர்லின். "போயும் வேலை வாங்க வந்திருக்குது."

"நாளைக்கு உள்ள வந்துட்டா?" என்றான் ஸ்டெபின்.

"வரட்டும்."

பறையை ஆணியிலிருந்து எடுத்து, பென்னிக்கு முதுகைக் காட்டி நின்று, ஒவ்வொரு நட்டாக இறுக்கினாள்.

மறுநாள் விடிந்ததும் ஸ்டெபின் மிளகு லோடு ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கினான். மூணு மணிக்கெல்லாம் வந்துவிடுவேன் என்று சத்தியம் செய்திருந்தான். மூணரைக்கு போன் வந்தது. கொண்டை ஊசி வளைவில் மரம் விழுந்து இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கின்றன. "நீ வெண்ணிலா ஊட்டுக்குப் போயிரு கண்ணு. அங்க இரு" என்றான். பிறகு சிக்னல் அறுந்தது.

நாலாவது லைன் வீட்டில் இருக்கும் வெண்ணிலா, குழுவில் இரண்டாவது பறை அடிப்பவள், தானே வந்து கூப்பிட்டாள். "வாக்கா, எங்கூட்டுல நாங்க நாலு பேரு இருக்கறோம். தனியா இருக்காத."

"நான் எந்திரிச்சுப் போனா அவரு வந்து உக்காந்துக்குவாரு வெண்ணிலா. அப்புறம் இது அவரு ஊடு."

"பயமா இல்லையாக்கா?"

"நொம்பப் பயமா இருக்குது. நீ போ."

வெண்ணிலா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நாலு மணிக்குக் கரண்ட் போனது. ஷெர்லின் கதவைச் சாத்தி மேல் தாழ்ப்பாளையும் கீழ்த் தாழ்ப்பாளையும் போட்டாள். பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவுக்கு நேரே, பின்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். ஒரே ஒரு ஜன்னல். அதன் கண்ணாடியில் மூடுபனி வந்து அப்பி, அறைக்குள் பகலும் இல்லாத இருட்டும் இல்லாத ஒரு சாம்பல் நிறம் நிறைந்தது. அலமாரி, குத்துவிளக்கு மாதிரி நிமிர்ந்து நின்ற சிலிண்டர், சுவரில் மாதா படம், எல்லாவற்றுக்கும் விளிம்பு கரைந்துபோனது. பக்கத்து வீட்டு ரேடியோ நின்றது. பறவைகள் நின்றன. சொட்டும் தண்ணீர்கூட எப்போது நின்றதென்று தெரியவில்லை.

தொப்.

அவள் எண்ணக்கூடாது என்று நினைத்தாள். எண்ணினாள். பதினொன்று. முதல் படி. இரண்டாவது. மூன்றாவது. வாசல்.

கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. அவள் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது அசையவில்லை. கதவும் அசையவில்லை. நெடுநேரம் எதுவும் அசையவில்லை.

தொப்.

இந்தச் சத்தம் அறைக்குள் விழுந்தது.

முதலில் காலுறைகள் தெரிந்தன. வெள்ளைக் காலுறைகள், கல்லறைச் செம்மண்ணில் ஊறியவை, கணுக்காலில் வெள்ளை ரிப்பனால் சேர்த்துக் கட்டியவை. அதற்கு மேலே வெள்ளைப் பேண்ட். வெள்ளைக் கோட்டு. நெஞ்சில் கும்பிட்டபடி இருந்த கையுறைக் கைகளைச் சுற்றி ஜெபமாலை. தாடையை ஏந்தி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட துணிக்கட்டு. மூக்கில் பஞ்சு. பாதி மூடிய இமைகளுக்கு அடியில் மங்கலாக இரண்டு பிறைகள். அவை அவளைப் பார்க்கவில்லை. பறையைப் பார்த்தன.

கட்டிய தாடைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"அடி."

அது கட்டளையா, பொம்பளையை அழைக்கிற அழைப்பா? உயிரோடு இருந்தபோதும் அவர் இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வார்.

ஷெர்லின் எழுந்தாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. இடக்கையில் நீளக்குச்சி, வலக்கையில் கட்டைக்குச்சி. கைக்கு அந்த அடி தெரியும். அவள் ஒருநாளும் அடித்ததில்லை. ஆனால் ஒன்பது வயதில் மழைக்குள் கேட்டது மணிக்கட்டிலேயே தங்கியிருந்தது. வலக்கை தானாக எழுந்தது. ஒரு அடி விழுந்தது. மெதுவான, அகலமான, சாவின் முதல் அடி.

ரைட்டர் திரும்பினார். உடம்பு முழுவதும் ஒரே துண்டாகத் திரும்பிக் கதவைப் பார்த்து நின்றார். காத்திருந்தார். அவள் அவரைத் தாண்டி முன்னால் போக வேண்டும். முன்னால் பறை, பின்னால் பிணம். கதவைத் திறந்து, நடையில் இறங்கி, முக்கு திரும்பி, கல்லறை வரை. அரை மணி நேர வேலை. அவ்வளவுதான். முடிந்துவிடும். எவ்வளவு சுலபம்.

கை இரண்டாவது அடிக்கு ஓங்கியது.

அந்தக் கையை அவள் பிடித்து நிறுத்தினாள். தோள் வலித்தது, இன்னொருவர் கையை முறுக்கிப் பிடித்தது போல.

"இல்ல" என்றாள்.

அவர் திரும்பினார். தொப். இப்போது இரண்டு கை நீளம்தான் இடைவெளி.

"அடி."

"அடிக்கறேன்." பிறந்ததிலிருந்து அவர் முன்னால் 'ங்க' இல்லாமல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. "உனக்கு இல்ல."

குச்சிகள் விழுந்தன. கல்யாண அடி. மாப்பிள்ளை அழைப்பில் கிழவிகளையும் எழுப்பி ஆடவைக்கிற அடி, துள்ளி, உருண்டு, மூச்சுவிடாமல். சின்ன அறைக்குள் ஃபைபரின் கூர்மையான ஓசை சுவரில் மோதி மோதிப் பெருகியது. மாதா படத்தின் கண்ணாடி அதிர்ந்தது.

கட்டிய கால்கள் துடித்தன.

ஒரு முறை. இன்னொரு முறை. பிறகு அவர் துள்ளினார். அவருடைய அசைவு இல்லை அது. அடி விழும்போது உடம்பு எழுந்தது, அடி நின்ற இடத்தில் விழுந்தது. தலை முன்னும் பின்னும் ஆடியது. கும்பிட்ட கைகள் குலுங்கின. முகத்தில் எதுவும் மாறவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. முகம் செத்திருந்தது. கால் ஆடியது.

"ஆடு" என்றாள் ஷெர்லின்.

கதவைத் திறக்க வேண்டும். கதவு அவருக்குப் பின்னால் இருந்தது.

சுவரை ஒட்டி நகர்ந்தாள். அடித்துக்கொண்டே. கோட்டின் கை அவள் கையில் உரசியது. கிணற்றுக்கல் போலச் சில்லென்று இருந்தது. சென்ட் வாசனை. மாலை அழுகும் வாசனை. மூச்சை அடக்கினாள். தாண்டிவிட்டாள். இடக்கைக் குச்சியைப் பல்லில் கவ்வி, வலக்கையால் மட்டும் அடித்தபடி மேல் தாழ்ப்பாளை இழுத்தாள். ஓசை பாதியானது. பின்னால் துள்ளல் நின்றது.

கழுத்து திரும்பும் சத்தம்.

கீழ்த் தாழ்ப்பாள். இறுகியிருந்தது. இழுத்தாள்.

காதுக்குப் பக்கத்தில், "அடி."

தாழ்ப்பாள் வந்தது. கதவைக் காலால் எட்டித் திறந்து, சுழன்று, இரண்டு கையாலும் அடித்தாள். அவர் ஆணியில் மாட்டிய சட்டை போல ஒருமுறை குலுங்கினார். வாசலுக்கு வெளியே துள்ளினார். அவள் பின்னால் வந்தாள். முன்னால் போகவில்லை. ஒரு அடிகூட முன்னால் போகவில்லை. மாட்டை ஓட்டுவது போல அவரைப் பறையால் ஓட்டினாள்.

நடையில் லைன் வீட்டுக் கதவுகள் திறந்தன. திறந்தவை அப்படியே நின்றன. யாரும் கத்தவில்லை. ஒரு குழந்தையின் கண்ணை யாரோ பொத்துவது தெரிந்தது. மூடுபனிக்குள் முன்னால் ஒரு வெள்ளை எழுந்து எழுந்து விழுந்தது.

முக்கில் வழி இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் சரிவில் கல்லறை. வலப்பக்கம் மேட்டில் பஸ் ரோடும் ரைட்டரின் வீடும். அங்கே வந்ததும் அவர் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. அடியை மீறிச் சாய்ந்தது. ஷெர்லினின் மணிக்கட்டு எரிந்தது. ஒருத்தியால் முடியாது என்று அந்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் இன்னொரு பறை எழுந்தது.

வெண்ணிலா. செருப்பில்லாமல் நின்றாள். முகத்தில் இரத்தமே இல்லை.

"எந்தப் பக்கம்க்கா?"

"மேல."

இருவரும் கல்லறைப் பாதையை மறித்து நின்று அடித்தார்கள். சாய்ந்த உடம்பு மெல்ல நிமிர்ந்தது. வலப்பக்கம் திரும்பியது. தொப். தொப். மேட்டில் ஏறத் தொடங்கியது.

ரைட்டர் வீடு புது வீடு. டைல்ஸ் போட்ட முன்தளம், தேக்குக் கதவு, கதவில் பித்தளைச் சிலுவை. இன்வெர்ட்டர் விளக்கு எரிந்தது. சத்தம் கேட்டு ஜன்னலுக்கு வந்த பென்னி, தளத்தில் துள்ளி ஏறிய காலுறைகளைப் பார்த்துப் பின்னால் நகர்ந்தான். ஜன்னல் கம்பியை மட்டும் விடவில்லை.

"இங்க எதுக்குங்க கூட்டிட்டு வந்தீங்க!"

"உங்கப்பாவ உங்க ஊட்டுல கொண்டாந்து உடத்தானுங்கண்ணா."

"கல்லறைக்குக் கூட்டிட்டுப் போங்க! உங்க கால்ல விழுகறேனுங்க!"

"அது உங்க வேலைங்க. முன்னால நீங்க நடங்க."

"எனக்கு அடிக்கத் தெரியாதுங்க..."

"எங்கப்பாவுக்கு மட்டும் அன்னைக்கு அடிக்கற மனசா இருந்துச்சு?"

பென்னிக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. உள்ளே தாழ்ப்பாள் ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தது. நாற்காலியையோ மேசையையோ கதவுக்கு இழுத்துவைக்கும் சத்தம் கேட்டது.

ரைட்டர் கதவுக்கு ஒரு சாண் தூரத்தில் துள்ளிக்கொண்டிருந்தார். குலுங்கிய கைகளுக்கு நடுவே ஜெபமாலை இழுபட்டு அறுந்தது. மணிகள் டைல்ஸில் சிதறி உருண்டன. கும்பிட்டிருந்த கைகள் முதல்முறையாகப் பிரிந்தன. அவை சும்மா தொங்கவில்லை. வலக்கை எழுந்தது. விழுந்தது. தேக்குப் பலகையில், சரியாக அவள் அடி விழுந்த நொடியில்.

இடக்கை எழுந்தது.

வெண்ணிலா நிறுத்திவிட்டாள். குச்சி அவள் கையிலிருந்து நழுவியது. ஷெர்லின் இன்னும் நாலு அடி அடித்தாள். பிறகு அவளும் நிறுத்தினாள்.

அவர் நிறுத்தவில்லை.

கல்யாண அடி கதவில் கேட்டது. ஒரு இடம் பிசகாமல், அதே துள்ளல், அதே உருட்டல். கால்கள் அசையாமல் நின்றன. கைகள் மட்டும். உள்ளே பென்னி எதையோ சத்தமாகச் செபித்துக்கொண்டிருந்தான். அடி வேகமானபோது அவன் குரலும் அதே வேகத்துக்கு ஏறி, சொற்கள் உடைந்து, வெறும் அலறலானது. பின்னால் மேட்டு வழியில் லைன் சனம் டார்ச்சுகளோடு வந்து நின்றது. யாரும் கிட்ட வரவில்லை.

ஷெர்லின் பார்த்துக்கொண்டு நின்றாள். கையுறையின் நுனி தேய்ந்து கிழிந்தது. விரல்களும் தேய்ந்தன. இரத்தம் வரவில்லை. தாடைக்கட்டு அவிழ்ந்து தோளில் விழ, வாய் தொங்கியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, காதைக் கதவுக்குக் கொடுத்து, தான் அடிக்கும் ஒலியையே கேட்டது. பலகையின் நடுவில் ஒலி அவருக்குப் போதவில்லை போலிருந்தது. கிழிந்த கைகள் மெதுவாக நகர்ந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தன, கொஞ்சம் கீழே இறங்கின, ஓரிடத்தில் நின்று ஒருமுறை சுண்டிப் பார்த்தன. அங்கே கதவு நன்றாகப் பேசியது. ரைட்டர் அங்கிருந்து, முதலிலிருந்து, அடிக்கத் தொடங்கினார்.